ஒரு வேன், பன்னிரண்டு பச்சைப் புடவை: சரவணம்பட்டி வழியாகக் குர்திஸ்தான்

இமயத்தில் ஏறியவர்கள் உண்டு, ஏழு கடல் தாண்டியவர்கள் உண்டு. காலையில் உடுமலைப்பேட்டையில் இட்லி தின்று, மதியம் குர்திஸ்தான் போய், ராத்திரிச் சோற்றுக்குச் சூலூர் வந்து சேர்ந்த மாவீரன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தை மாதக் கடைசிச் சனிக்கிழமை சூலூரில் ஒரு கோயில் திடலில் என் மனைவி சரோஜாவின் கும்மிக் குழு ஆடுவதாக ஏற்பாடு. பன்னிரண்டு பெண்கள், எல்லோருக்கும் ஒரே பச்சைப் புடவை, மூட்டை தூக்க நான். அன்று மதியமே சரவணம்பட்டிக் கல்லூரி ஒன்றில் ஷிலான் தன் இனத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்று தெரிந்ததும் பயணத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டோம். ஷிலான், என் அக்கா மகளோடு படிக்கும் குர்து இனப் பெண். ஈராக்கின் வடக்கே ஒரு மலை நகரத்துக்காரி. தமிழ் பேசப் பழகி, பொங்கலுக்கு எங்கள் வீட்டில் தங்கி, என்னை உரிமையோடு மாமா ஆக்கிக்கொண்டவள்.

முதல் நாள் போனில் அவள் குரலில் சுரத்தே இல்லை. “போன தடவை பேசினப்போ பாதிப் பேர் தூங்கினாங்க மாமா. நாளைக்கும் யாரும் கேக்கலைன்னா, இனி எந்த ஊருன்னு கேட்டா ‘ஈராக்’னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான். குர்துன்னு சொல்லவே மாட்டேன்.”

வேன் வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. பல்லடம், சூலூர் வழியாகச் சுமார் எண்பது கிலோமீட்டர். ஒன்பதரைக்குக் கிளம்பினோம். எங்கே போகிறோம் என்பதை ஓட்டுநரிடம் நான் சற்றுப் பெரிதாகவே சொல்லியிருந்தேன்.

“ஏனுங்க, குர்திஸ்தானுக்கு டோல் எவ்வளவுங்க?” என்றார்.

“அந்த சனங்க நாலு நாட்டுல பிரிஞ்சு கெடக்கறாங்க தம்பி. நாலு பக்கமும் கட்டோணும்.”

“அப்ப வாடகையும் நாலு மடங்குங்க” என்றார். பல்லடத்து டீக்கடையில் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக் கணக்கை நேராக்கினேன். சரவணம்பட்டி சிக்னலில் நாங்கள் நின்ற நேரத்தில் இரண்டு சாம்ராஜ்யங்கள் எழுந்து விழுந்திருக்கும்.

இரண்டு மணிக்குப் பேச்சு. சாப்பாட்டுக்கு அடுத்த நேரம், அதாவது சொற்பொழிவாளர்களைப் பலி கொடுக்கும் நேரம். ஷிலான் வரைபடத்தில் தொடங்கினாள். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா. முதல் உலகப் போருக்குப் பின் போட்ட கோடுகள். நல்ல பேச்சுதான். ஆனால் கடைசி வரிசை எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தது. அடுத்த வரிசையும் பையைத் தோளில் மாட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பேச்சு பாதியில் நின்றது.

சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏங்கண்ணு, உங்கூர்ல ஆட்டம் கிடையாதா?” என்று எழுந்தே கேட்டுவிட்டாள்.

“இருக்கு அத்தை. வரிசையா ஆடுவோம்.”

“அப்ப எறங்கி வா. நாங்க பன்னெண்டு பேரு சும்மாதான் குந்தியிருக்கறோம்.”

குர்து ஆட்டத்தில் தோளோடு தோள் ஒட்டி, சுண்டு விரல்களைக் கோத்து, வரிசையாக அடிவைக்க வேண்டும். முதல் ஆள் கையில் கைக்குட்டை சுழலும். ஷிலான் கைக்குட்டையோடு முன்னே நின்றாள். எங்கள் பெண்கள் காலைப் பிசகாமல் வைத்தார்கள். மூன்றாவது அடியில் பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கையை உதறி, குனிந்து, படீரென்று கும்மி தட்டினார்கள்! வரிசை உதிர்ந்த முறுக்கு மாதிரி ஆனது.

“கை விடக் கூடாது அத்தை!”

“தட்டாம எப்படிக் கண்ணு ஆடறது? கை தானாப் போகுது!”

மறுபடியும் ஆடினார்கள், மறுபடியும் படீர். ஷிலான் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கியே இரைந்தது. கதவு வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது முறை அவர்களே ஓடிவந்து எங்கள் பெண்களின் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். வரிசை அரங்கத்தைச் சுற்றியது. கொடுங்கோல் அரசனை ஒரு கொல்லன் வீழ்த்திய கதையையும், அந்த வெற்றியைச் சொல்ல நவ்ரோஸ் புத்தாண்டில் மலைதோறும் தீ மூட்டுவதையும், ஆடிக்கொண்டே மூச்சு வாங்கச் சொன்னாள் ஷிலான்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். வரைபடம் மறுபடி திரையில் வந்தது. “உங்க மொழிய ஸ்கூல்ல சொல்லித் தருவாங்களாங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“எங்க ஊர்ல உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம், துருக்கியில, ரொம்ப வருஷம் பேசவே தடை இருந்துச்சு.”

தரையில் இருந்தவர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். பிறகு கேள்விகள் வந்தன பாருங்கள், நாலரை வரை விடவில்லை. சூலூருக்கு நாங்கள் தாமதமாகத்தான் போனோம். விழாக் குழுவிடம் முழுத் திட்டும் எனக்கே கிடைத்தது.

மார்ச் மாதம் கல்லூரி மைதானத்தில் நவ்ரோஸ் தீ மூட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். கேட்டது ஷிலான் இல்லை. அன்று கதவு வரை போன கடைசி வரிசைக்காரர்கள். சுவரொட்டியில் ‘குர்துப் புத்தாண்டு’ என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னது மட்டும் அவள்.

போக நினைப்பவர்களுக்கு: உடுமலையிலிருந்து பேருந்தில் வருவதானால் காந்திபுரத்தில் மாறிக்கொள்ளுங்கள். கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தீயருகே ஆட்டம் என்பதால் பருத்தித் துணி நல்லது. மிக முக்கியம், சுண்டு விரல் மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கொங்குப் பெண்கள் ஒருமுறை விடக் கூடாது என்று கற்றுக்கொண்டால் பிடி எப்படி இருக்கும் என்பதற்கு என் வீங்கிய விரலே சாட்சி.