கழுத்தில் இரண்டு துளைகள்

சுனாமியன்று வீட்டிலிருந்து நான் காப்பாற்றிய ஒரே பொருள் என் எலெக்ட்ரிக் கிற்றார். இதை யாரும் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுவேன். கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் அந்தக் காலையில் வந்து நிற்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன்.

குருக்கள்மடத்தில் எங்கள் வீடு கடலுக்கும் பெரிய றோட்டுக்கும் நடுவில் இருந்தது. கடல் வருகுது என்று சத்தம் கேட்டதும் மனைவி மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். பின்னால் நான் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, அவளுடைய தையல் மெஷின் எல்லாம் அங்கேயே கிடந்தன. இடுப்பளவு தண்ணீரில் கிற்றாரின் வயிற்றுப் பகுதியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தேன். கழுத்துப் பகுதி தண்ணீரில் இழுபட்டு வந்ததைக் கவனிக்கவில்லை. றோட்டில் ஏறியபோது அங்கே நின்ற ஒரு கிழவர், “தம்பி, கச்சேரி எவடத்த?” என்று இடம் விசாரித்தார்.

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர்களுக்கும் முன்னதாக நான் சிரிப்பேன். மனைவி மட்டும் அந்த நேரம் பார்த்து எழும்பி அடுப்படிப் பக்கம் போய்விடுவாள்.

பிறகு நிவாரணமாக பைபர் வள்ளங்கள் வந்து இறங்கின. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் வள்ளங்களில் ஓட்டை விழுந்தது. நான் பைபர் ஒட்டப் பழகிக்கொண்டேன், சோற்றுக்குக் குறைவில்லை. கிற்றாருக்குத்தான் வைத்தியம் கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீர் அதன் பூட்டைத் தின்றுவிட்டது.

பூட்டு என்றால் கழுத்தின் மேல் நுனியில் இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு. அதற்குள்ளால் போகும் தந்திகளை மூன்று ஆணிகளால் இறுக்கிவிட்டால் சுதி அசையாது. என்னுடைய கிற்றாரின் அடியில், அழுத்தினால் சுரம் குழைந்து இறங்கும் ஒரு கம்பிப்பிடி உண்டு. பூட்டு இல்லாமல் அதைத் தொட்டால் ஆறு தந்தியும் ஆறு திசைக்குப் போய்விடும். தொடாமல் வாசிக்கலாமே என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு கச்சேரியிலும் தொட்டேன், ஒவ்வொரு கச்சேரியிலும் பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் வாவிக்கு அக்கரையில், பழுகாமத்துக் கோயில் திருவிழாவுக்கு எங்கள் இசைக்குழுவைக் கேட்டார்கள். அது மனைவியின் ஊர். சண்டை நடந்த காலத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக முடிந்ததில்லை. சுவிஸில் இருந்த அவளுடைய அண்ணன் புதுப் பூட்டு ஒன்றைப் பார்சலில் அனுப்பினார். ஐந்து வருடத்துக்கு மேலாக அந்தக் கிற்றாரைத் தொடாதவள், வீடு கூட்டும்போதுகூட அதைச் சுற்றிக் கூட்டியவள், “எங்கட கோயில்தானே, நானும் வாறன்” என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் முன்னால் ஒரே ஒருமுறை சுதி விலகாமல் வாசித்துவிட்டால், அன்று நான் தூக்கிக்கொண்டு ஓடியது வீணில்லை என்று ஒப்புக்கொள்வாள், அந்தக் காலை எங்கள் வீட்டை விட்டுப் போய்விடும் என்று நம்பினேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

பூட்டைப் பொருத்த இரண்டு வழி. பழையபடி மேலிருந்து இரண்டு மர ஆணிகளை முறுக்கலாம். ஆனால் உப்பில் ஊறிய மரம். ஆணி எத்தனை நாளைக்குப் பிடிக்கும் என்று தெரியாது. மற்றது, கழுத்தை ஊடறுத்துத் துளைத்து, பின்பக்கமிருந்து போல்ட் போட்டு இறுக்குவது. பிறகு யுகத்துக்கும் அசையாது. ஆனால் கழுத்தின் ஆக மெல்லிய இடம் அதுதான். டிரில் கொஞ்சம் சரிந்தால் கதை முடிந்தது.

கீபோட் வாசிக்கும் நண்பனிடம் கேட்டேன். “மேலால இறுக்கு மச்சான். கழுத்து முறிஞ்சா மறுகா என்னத்த வாசிக்கிற?” என்றான். என் தொழில் புத்தியோ வேறு சொன்னது. வள்ளத்தில் எஞ்சின் பிடியை மர ஆணியால் இறுக்குகிறவனை நான் வாசலிலேயே நிற்க விடமாட்டேன். ஊடறுத்து போல்ட் போட்டால்தான் எனக்கு நித்திரை வரும். ஊருக்கெல்லாம் அப்படிச் செய்தவனுக்குத் தன் கிற்றார் என்றதும் டிரிலை எடுக்க மனம் வரவில்லை. பென்சிலால் கோடு போட்டேன், அழித்தேன். பழக்கத்துக்காக அடுப்படியில் இருந்த அகப்பைக் காம்பைத் துளைத்துப் பார்த்தேன். காம்பு பிளந்தது. அடுத்த கிழமை இன்னொன்று. ஒரு மாதம் இப்படியே போனது. திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது மூன்றாவது அகப்பையுடன் மனைவியிடம் பிடிபட்டேன்.

“இஞ்ச பாருங்க, இண்டைக்கு அதத் துளைங்க, இல்லாட்டி விடுங்க. இனிக் கறி கிண்ட அகப்பை இல்ல.”

விட்டேனா? மேலால் இறுக்குவதன் நன்மை தீமை, பின்னால் இறுக்குவதன் நன்மை தீமை என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அண்டைக்கு இதத் தூக்கக்குள்ள இவ்வளவு யோசிக்கல்லையே” என்றாள்.

நான் வழக்கம்போலச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. போல்ட்தான் என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன்; அல்லது வேறு வழியில்லாமல் போனது.

கழுத்து ஆடாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். சொல்லாமலே வந்து, கிற்றாரைக் கிடத்தியிருந்த வாங்குப் பலகையின் மறுபக்கம் குந்தினாள். நான் உடுத்துப் பழசான சாரத்தை நாலாக மடித்துக் கழுத்துக்கு அடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். முதல் துளை நேராக இறங்கியது. டிரிலை வெளியே எடுத்துத் தூசியை ஊதினேன். பெருமையாக நிமிர்ந்தபோது, அவள் குனிந்தபடியே சொன்னாள்:

“நான் முன்னால ஓடல்ல.”

“என்ன?”

“எல்லா இடமும் சொல்றீங்க, நான் புள்ளயோட முன்னால ஓடின எண்டு. நான் பின்னாலதான் வந்தனான். ரெண்டு தரம் உங்களக் கூப்பிட்டனான். நீங்க கிறுகிப் பார்க்கல்ல.”

கேட்கவில்லை, அதனால்தான் திரும்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கடல் அவ்வளவு இரைந்தது, கேட்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் ஓடுகிற அவளுடைய முதுகும், அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளின் முகமும்தான். இத்தனை வருடமும் அது எனக்கு அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. என்னை நானே பகிடி பண்ணிப் பண்ணி, அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவளை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

“சனம் சிரிக்கக்குள்ள எப்பிடிச் சொல்ற? மத்தத் துளையையும் போடுங்க. கை உளையுது.”

போட்டேன். போல்ட்டை இறுக்கியபோது எனக்குக் கண் தெரியவில்லை. அவள்தான் இறுக்கும் சாவியை வாங்கிக் கடைசித் திருப்பைத் திருப்பினாள்.

பழுகாமத்தில் சுதி அசையவில்லை. கம்பிப்பிடியை வேண்டுமென்றே நாலைந்து தரம் அழுத்திப் பார்த்தேன், பாடகர் முறைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அன்னதானப் பந்தியில் மனைவியின் பெரியப்பா, “மருமகன், அந்தக் கிற்றார்க் கதையச் சொல்லுங்க” என்றார். மனைவி அந்தப் பந்திக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அடுப்படி அங்கிருந்து தூரம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். நான் கிற்றாரோடு முன்னால் ஓடினேன், அவள் பிள்ளையோடு பின்னால் வந்தாள், இரண்டு தரம் கூப்பிட்டாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னேன். எப்படி முடிப்பதென்று தெரியாமல் அந்தக் கிழவர் கேட்டதையும் சொல்லிவைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சோற்று வாளியோடு நின்ற என் மனைவிதான் சிரித்தாள்.