கூப்பிட வேண்டாம் என்று சொன்ன வீடு

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. சென்னையை விட்டுவிட்டு, ஏற்காட்டிலிருந்து கிளியூர் போகும் வழியில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் குடியேறியிருந்தோம். நான், என் கணவர், இரண்டாம் வகுப்புப் படித்த எங்கள் மகள்.

போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். சென்னையில் எங்கள் வீடு பஸ் டெப்போவுக்கு எதிரே இருந்தது. விடிவதற்கு முன்பே ஹாரன் ஆரம்பித்துவிடும். ஆபீஸ் போனால் அங்கே நாள் முழுக்க டைப்ரைட்டர் சத்தம். ரத்தக் கொதிப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு, “இனிமே எனக்கு அமைதி மட்டும் இருந்தாப் போதும்” என்றார். வேலையை விட்டார். கொஞ்சம் காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் உள்ள நிலத்தோடு அந்த வீட்டை வாங்கினார். இவருக்குப் பைத்தியமா என்று உறவுக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். எனக்கும் அரை மனசுதான். ஆனால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் என் வாயை அடைத்துவிட்டன. மனிதர் நன்றாகத் தூங்கினார். காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டார், அதுவும் கோணல்மாணலாக. பல வருஷம் கழித்து என் பழைய புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஜூனில் மழை பிடித்தது. மழையைவிட மூட்டம்தான் மோசம். வாசலில் நின்றால் பத்தடி தள்ளி இருக்கும் எலுமிச்சை மரம் தெரியாது. எங்களைச் சுற்றி நாலைந்து வீடுகள் உண்டு. எல்லாம் காப்பிச் செடிகளுக்கு நடுவே தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தெரியாமல் இருக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மூட்டம் போட்டுவிட்டால் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு “ஏனுங்கோ...” என்று குரல் கொடுப்பார்கள். அங்கிருந்து “ஓ...” என்று பதில் வர வேண்டும். அவ்வளவுதான், பேச்சு ஒன்றும் கிடையாது. பதில் வரவில்லையென்றால் கைவேலையைப் போட்டுவிட்டு யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

எங்களுக்குக் குரல் கொடுத்தவர் கீழ்வீட்டு அம்மா. எஸ்டேட்டில் களை வெட்டப் போகிறவர், ஐம்பது வயதிருக்கும். எதற்கு இந்தக் கூப்பாடு என்று நான் கேட்டதற்கு, “மூட்டத்துல ஆரு வழுக்கி உழுந்தாலும் ஆருக்குங்க கண்ணு தெரியும்? கொரலு வந்தா ஆளு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்” என்றார்.

என் கணவருக்கு இது ஆகவே இல்லை. கண் அசரும் நேரம் பார்த்துக் குரல் வரும். மெட்ராஸ் ஹாரன் தேவலை என்று முணுமுணுப்பார். ஒருநாள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மரியாதையாகத்தான் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அமைதிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். எங்க வீட்டை மட்டும் கூப்பிட வேண்டாம்.”

அந்த அம்மா முகம் மாறவில்லை. “சரிங் சார். தொந்தரவுன்னா கூப்புடலைங்க” என்றார். மறுநாளிலிருந்து குரல் எங்கள் வீட்டைத் தாண்டி மேல்வீட்டுக்குப் போனது.

அதே மாதத்தில் அவர் இன்னொரு வேலையும் செய்தார். வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் ஈரம். துணி காயாது, செருப்பில் பூஞ்சை. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சந்து வழியாகத்தான் மூட்டம் உள்ளே வருகிறது என்று சிமெண்டும் கோணிச் சாக்கும் வைத்து அதைச் சுற்றிலும் அடைத்தார். அட்டையால் கூரைக்குக் கீழே ஒரு தட்டும் போட்டார். அக்கம்பக்கத்து வீடுகளில் கரி போட்டுக் கணப்பு மூட்டுவதைப் பார்த்துவிட்டு ஓர் இரும்புச் சட்டியும் கரி மூட்டையும் வாங்கி வந்தார். அவர்கள் வீட்டில் கணப்பும் இருந்தது, கூரைச் சந்தும் இருந்தது. நாங்கள் கணப்பை எடுத்துக்கொண்டு சந்தை அடைத்துவிட்டோம். கரித் தணல் புகையே இல்லாமல் ஆளைக் கொல்லும் என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஏற்காடு சந்தைக்குக் கிளம்பினேன். மறுநாள் பள்ளிக்கு மகளின் யூனிபாரம் காயவில்லையே என்று கவலைப்பட்டேன். “நீ போயிட்டு வா, நான் காயவெச்சிடறேன்” என்றார். மகள் பொரி உருண்டை கேட்டாள்.

திரும்பும்போது ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மழையில் நடந்தே வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவருக்குத் தூக்கம் கலைந்தால் கோபம் வருமே என்று மெதுவாகத்தான் தட்டினேன். குடையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்கூட. பிறகு பலமாகத் தட்டினேன். பிறகு கத்தினேன். என் குரல் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா கொடுவாளோடு ஓடி வந்து தாழ்ப்பாளை நெம்பினார்.

கதவைத் தள்ளினால் ஏதோ தடுத்தது. என் மகள். பொரி உருண்டைக்காகக் காத்திருந்து வாசற்படி ஓரத்திலேயே படுத்துவிட்டிருந்தாள். கதவுக்கு அடியில் வந்த காற்றுதான் அவளுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. அந்த அம்மா அவளை வாரி எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். “கண்ணு, சாமி, முழிச்சுப் பாரு சாமி” என்று முதுகைத் தேய்த்தார். குழந்தை வாந்தி எடுத்து, அழுதாள். ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் கணவர் கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சின் மேல் புத்தகம். முகம் நல்ல தூக்கத்தில் இருப்பவர் முகம்போலச் சிவந்திருந்தது. கணப்புச் சட்டிக்கு மேலே கயிற்றில் யூனிபாரம் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

அந்த அம்மா மூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நாலு பக்கமும் “ஓ” என்று பதில் வந்தது, ஆட்கள் வந்தார்கள். கம்பளியை மூங்கிலில் கட்டி அவரை ரோடு வரைக்கும் தூக்கிப் போனார்கள். அங்கிருந்து எஸ்டேட் ஜீப். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது, மத்தியானம் வரைக்கும் மூச்சு இருந்திருக்கலாம் என்றார்.

அதைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “மத்தியானம் கூப்புடலாமுன்னு வாயி வரைக்கும் வந்துச்சுங்க கண்ணு. சாரு சங்கடப்படுவாரேன்னு உட்டுப்போட்டேன். நாங் கூப்புட்டிருக்கோணும்.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அக்கா என்றேன். சத்தியமாக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் செத்துப்போன மனிதர்மேல்தான் வந்தது. இன்றைக்கும் சில நாள் வருகிறது. அமைதி வேண்டும், அமைதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு எங்களை விட்டுப் போய்விட்டாரே.

காரியம் முடிந்து நாங்கள் கிளம்பும்வரை, அந்த அம்மா காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில் என்று கணக்கில்லாமல் எங்கள் வீட்டைக் கூப்பிட்டார். எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் பதில் கொடுத்தேன். கிளம்பிய அன்றும் நல்ல மூட்டம். ஜீப் நகர்ந்த பிறகு பின்னாலிருந்து “ஏனுங்கோ...” என்று குரல் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், மூட்டம்தான் தெரிந்தது. என் மகள்தான் தலையை வெளியே நீட்டி “ஓ...” என்றாள்.

இப்போது மறுபடியும் சென்னையில், அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எதிர் வீட்டு வாசலில் பால் பாக்கெட் வெயில் ஏறியும் எடுக்காமல் கிடந்தால் மணியை அடித்துவிடுவேன். கதவைத் திறந்து சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்தவர் வீட்டில் இவளுக்கு என்ன வேலை என்று பேசிக்கொள்வதும் தெரியும். பேசட்டும், திறப்பதற்கு உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.