எரித்தவனை எழுப்பாத படம்

தடித்தடியான மூன்று ஆங்கில நாவல்களை மூன்று படங்களாக எடுத்திருந்தார்கள். மந்திரக் கோட்டைகள், பறக்கும் மிருகங்கள், நாடிழந்து அலையும் இரண்டு இளவரசர்கள். உலகத்து விருதையெல்லாம் அள்ளிய படம் என்று டிவிடி உறையிலேயே பொன் எழுத்தில் போட்டிருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதை யார் மதித்தது? கொழும்பில் கடை வேலையில் இருந்த அண்ணன் வாங்கிவந்ததால் பார்த்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பண்டாரவளைப் பள்ளியில் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இளைய இளவரசன் மேல் ஒரே பிரியம். "நம்ம பய மாதிரியே முழிக்கிறான் பாரு" என்பாள்.

இரண்டு பாகம் முடிந்தது. மூன்றாவதைத் தீபாவளிக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனவன்தான் அண்ணன். வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். ஒரு பொலிஸ் சோதனையில் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகக் கடைக்காரர் போன் செய்தார். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா கொழும்பிலேயே அலைந்துகொண்டிருந்தார்.

தீபாவளியும் போனது. ஒருநாள் மலையிலிருந்து வந்த அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அந்தப் படத்த பாதியில விட்டுட்டோம் புள்ள. அதான் அவன் வந்து சேரல" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். கம்பம் ஊன்றிவிட்டால், சிவன் மதனை எரித்து, ரதி அழுது, மூன்றாம் நாள் அவனை எழுப்பும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் தோட்டத்துக்கே ஆகாது. அந்த நியாயத்தைக் கொண்டுவந்து ஆங்கிலப் படத்தில் போட்டாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது கூத்து இல்லம்மா, சினிமா!" என்று கத்தினேன். அவள் காதில் விழவே இல்லை.

கத்தியதற்கு வேறு காரணமும் இருந்தது. மூன்றாவது நாவலை நூலகத்தில் எடுத்து ஏற்கெனவே படித்திருந்தேன். இளையவன் நெருப்பில் சாகிறான். திரும்பி வருவதே இல்லை.

நச்சரிப்பு தாங்காமல் டவுனில் டிவிடியை வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மா தலைக்குக் குளித்து, விபூதி பூசி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் டிவி முன்னால் உட்கார்ந்தாள். படம் முடிந்தபிறகுதான் சாப்பாடாம். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தேன். கரண்ட் போய்த் தொலையாதா என்று வேண்டினேன். மழை பெய்தாலே போகிற கரண்ட் அன்றைக்கு என்று பார்த்துப் போகவே இல்லை.

இளையவன் நெருப்புக்குள் போனான். நான் கதை சொல்வதை நிறுத்தினேன். அம்மா அசையவில்லை.

"எரிப்பாங்கதான். அப்பறம் எழுப்புவாங்க. நீ சொல்லு."

மூத்தவன் அரியணை ஏறினான், ஊர் கொண்டாடியது. கறுப்புத் திரையில் வெள்ளைப் பெயர்கள் வரிசையாக மேலே போயின. அம்மா கடைசிப் பெயர்வரை கண் எடுக்காமல் பார்த்தாள். திரை நீலமாகிவிட்டது.

"எழுப்பலையே" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு நான் பயந்துபோனேன்.

"இன்னொரு பாகம் இருக்கும்மா. படம் இன்னும் எடுக்கல. புத்தகம் வந்துருச்சு, நான் படிச்சிட்டேன்."

அப்படி ஒரு புத்தகமே கிடையாது.

"அப்ப நீ சொல்லு. கேட்டுட்டுச் சாப்புடுறேன்."

சொன்னேன். மூத்தவன் சாம்பலை அள்ளிவந்து அழுவதையும், மழை இறங்குவதையும், இளையவன் கண்விழிப்பதையும் வாய்க்கு வந்தபடி சொன்னேன். விருது வாங்கிய யாரும் அப்படிக் கதை கட்டியிருக்க மாட்டார்கள். எங்கே இடறினாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்ததும் சோற்றுத் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்து சேந்தான்ல?"

"சேந்துட்டாம்மா."

அம்மா சாப்பிட்டாள். அண்ணன் இன்றுவரை வரவில்லை.