அவுட் ஆனதற்கு ஒரு கைதட்டல்

எங்கள் பள்ளி பேஸ்பால் அணியின் சிறந்த மட்டையாளன் நான்தான் என்பதை அக்காலத்தில் இரங்கூனில் படித்தவர்கள் எவரும் மறுக்கமாட்டார்கள். மறுப்பவர் உண்டெனில் அவர் எதிர்ப் பள்ளியில் படித்தவராக இருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. ஊரெல்லாம் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடிக்கொண்டிருக்க, எங்கள் மிஷன் பள்ளியில் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் உருட்டு மட்டையையும் தோல் கையுறைகளையும் கொண்டுவந்து இந்த ஆட்டத்தை நட்டுவைத்தார். பந்தை அடித்துவிட்டு, சதுரமாகப் போட்ட நான்கு தளங்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். பர்மியப் பிள்ளைகளைப் போலவே நாங்களும் அவரை ஆசிரியர் என்ற பொருளில் 'சயா' என்றே அழைத்தோம்.

அதற்கு முன் எங்களுக்கு விளையாட்டுச் சொல்லித் தந்தவர் டிரில் மாஸ்டர். பந்தைத் தவறவிட்டால் மைதானத்தை மூன்று முறை சுற்றி ஓட வேண்டும். எதிர்த்துப் பேசினால் பிரம்பு. சயா குரலை உயர்த்தியதே இல்லை. தவறு செய்தவனிடம் சென்று, "பந்து வரும்போது நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்பார். பதில் வரும்வரை நகரமாட்டார். பிரம்படியே மேல் என்று எங்களுக்குத் தோன்றும்.

ஒவ்வொருவனையும் எல்லா இடங்களிலும் பதினைந்து நாள் நிறுத்திய பின்னரே அவனுக்குரிய இடத்தை அவர் முடிவு செய்வார். என்னைப் புல் மண்டிய கடைக்கோடியில் நிறுத்தியபோது அதை என் குடும்பத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதினேன். அதைவிடக் கொடியது, பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையைத் தளர்த்திப் பிடித்துக் காலடியில் விழவைக்கும் பயிற்சி. அடித்தவன் அநேகமாக அவுட் ஆவான். அதற்குள் முன்னே நிற்கும் தோழன் ஒரு தளம் முன்னேறிவிடுவான். வேண்டுமென்றே அவுட் ஆவதா! கிரிக்கெட் ஆடும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் பத்து நிமிடம் சிரித்தார்.

என் தந்தை துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அதிகம் பேசமாட்டார். அரைப்பரீட்சையில் கணக்கில் நான் சறுக்கியபோது விளையாட்டை நிறுத்திவிடலாம் என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"கடைசி மேட்சுக்கு நான் வந்து பாக்குறேன். அப்புறம் சொல்றேன், நீ ஆடலாமா வேணாமான்னு" என்று முடித்துவிட்டார்.

அவர் கண்முன் ஒரேயொரு பெரிய அடி அடித்தால் போதும். என் ஆட்டம் பிழைத்துவிடும். அடுத்த மூன்று வாரமும் எனக்கு வேறு நினைவே இல்லை. அந்த வாரங்களில் வியாழக்கிழமைதோறும் தந்தை தாமதமாக வீடு திரும்பினார். அன்று எங்களுக்குப் பயிற்சி இல்லாததால் நான் வீட்டில் இருப்பேன்.

"டிராம்ல வந்தா என்னங்க? செருப்பெல்லாம் ஒரே செம்மண்ணு!" என்பார் அம்மா.

"நடந்தா உடம்புக்கு நல்லது" என்பார் தந்தை.

ஆட்டநாள் வந்தது. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகத் தந்தை சித்தப்பாவுடன் மைதானத்தில் நுழைந்தார். சயா தாமாகவே விரைந்து சென்று, கைகூப்பி, தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் "வாங்க, வாங்க" என்றார். வேறெந்தப் பையனின் தந்தைக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தின் தகுதி வெள்ளைக்காரருக்கும் தெரிந்திருக்கிறதே என்று நான் பூரித்துப்போனேன்.

கடைசிச் சுற்றில் இரு பள்ளிகளும் சம ஓட்டத்தில் நின்றன. எங்கள் மௌங் தின் இரண்டாம் தளத்தில் நிற்க, நான் மட்டையுடன் வந்தேன். எங்களில் இன்னும் ஒருவரும் அவுட் ஆகவில்லை. வேலியோரம் கூடியிருந்த துறைமுகத் தொழிலாளர்களில் ஒருவர், "தம்பி, ரயிலடியில போய் விழுறாப்புல ஒண்ணு குடு!" என்று கூவினார். தருவதாகத்தான் இருந்தேன். வழக்கப்படி சயாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார்.

காலடியில் விழவை என்பதற்கான சைகை அது.

பார்க்காதது போல அடித்துவிடலாம். பட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் சயா கேட்பார். 'எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்' என்ற அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. மட்டையைத் தளர்த்தினேன். பந்து காலடியில் விழுந்து உருண்டது. மௌங் தின் மூன்றாம் தளத்துக்குப் பறந்தான். நான் பாதி வழியிலேயே அவுட்.

"சோறு தின்னுட்டு வரலியா தம்பி?" என்றார் அதே தொழிலாளர். வேலியோரம் முழுவதும் சிரித்தது. சித்தப்பா கையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கைதட்டல் கேட்டது. என் தந்தை, தன்னந்தனியாக, எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தெரியாத மனிதர், மகன் ஏதோ சாதித்துவிட்டான் என்று எண்ணிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உட்காருங்கள் என்று கையால் சைகை காட்டினேன். அவர் உட்காரவில்லை; நான் தோழர்களிடம் போய்ச் சேரும்வரை தட்டினார். அடுத்து வந்தவனின் சாதாரண அடியிலேயே மௌங் தின் ஓடிவந்துவிட, நாங்கள் வென்றோம்.

இரவுச் சாப்பாட்டின்போது தந்தை தீர்ப்புச் சொன்னார்: "ஆடட்டும். கணக்கையும் பாத்துக்கட்டும்."

"என்னண்ணே, அவுட் ஆனதுக்குப் பரிசா?" என்றார் சித்தப்பா.

"ரெண்டுல நின்ன பையன் மூணுக்குப் போனான்ல?" என்று கேட்டுவிட்டுத் தந்தை ரசம் ஊற்றச் சொன்னார்.

அவருடைய அறியாமையே என்னைக் காப்பாற்றியது என்று நம்பினேன். அந்த அறியாமை கலைந்துவிடக் கூடாதே என்று, பள்ளி முடியும்வரை அவரிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் விளக்காமல் பார்த்துக்கொண்டேன். மறு வருடம் அணித்தலைவனானேன். அதற்கடுத்த வருடம் கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்வது முறை.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது சயா தாய்நாடு திரும்பினார். மாலையுடன் கப்பல்துறைக்குப் போயிருந்தேன். அவர் முதலில் விசாரித்தது என் படிப்பையல்ல.

"உன் தந்தை நலமா? மூன்று வியாழக்கிழமைகள் வந்தார். என்னை மைதானத்தைச் சுற்றி நடக்கவைத்து ஒவ்வொரு தளத்தையும் காட்டச் சொன்னார். தோழனுக்காக அவுட் ஆகிறவனை ஆட்டக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். அதை அவனுடைய தோல்வியாக நாங்கள் எழுதுவதில்லை என்றேன். அப்படி எழுதிய பக்கத்தைக் காட்டும்வரை அவர் போகவில்லை."

வீட்டுக்கு வந்தேன். தந்தை பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல், "துரை கப்பலேறிட்டாரா?" என்றார்.

"ஏறிட்டார்ப்பா."

பக்கத்தைப் புரட்டினார். நானும் வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. அன்று அவ்வளவு கூட்டத்தில், நான் உட்காரச் சொன்ன மனிதர் ஒருவர்தான் என் ஆட்டத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்.