விடிய விடியத் தூங்கினால் வேலை முடிந்தது

பிள்ளையைத் தூங்க வைக்கும் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு: நன்றாகச் செய்தால் வேலை போய்விடும்.

பிரசவமான வீடுகளில் ராத்திரி தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குழந்தை விடிய விடியத் தூங்கப் பழகிவிட்டால், "இனிமே நாங்களே பாத்துக்கிறோம்க்கா" என்பார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூருக்கு ரயில் ஏறுவேன். அங்கே நானும் என் வீட்டுக்காரரும்தான். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் உங்களுக்கு ராத்திரிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

வண்டி நின்றால் விழிப்பு

அம்பத்தூரில் ஒரு குழந்தை, ஓடும் காரில் மட்டும்தான் தூங்கும். அப்பா ஓட்ட, பின்சீட்டில் நான் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிக்னலில் நின்றால் கண்ணைத் திறந்துவிடும். அதனால் சிவப்பு விழுந்தால் அவர் இடப்பக்கம் திரும்பிவிடுவார். எங்கே போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒருநாள் அப்படியே திரும்பித் திரும்பி, விடிகிற நேரத்தில் பூந்தமல்லிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். குழந்தை விழித்தால் விழிக்கட்டும் என்று ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலே டீ கேட்டார். கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே என் மடியை எட்டிப் பார்த்தார்.

"என் பையனையும் இப்டித்தான் ஆட்டோல வச்சி சுத்திக்கினு இருந்தேன் சார். இப்ப ராத்திரியானா அவனே வண்டி எடுத்துக்கினு சுத்தறான், நான் முழிச்சிக்கினு கீறேன்."

தூங்காத அம்மா

பூந்தமல்லியில் ரஹ்மத் என்ற பெண். முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது நன்றாகவே தூங்கியது. ஆனால் அவள், மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். விரல் பட்டுக் குழந்தை எழுந்துவிடும்.

ஒரு கையைக் குழந்தையின் மார்பில் வைத்துக்கொண்டு, மறு கையை அவளிடம் கொடுத்தேன். "இதைப் பிடிச்சிக்கிட்டுப் படுங்க. ஏதாவதுன்னா இழுக்கிறேன்" என்றேன். பிடித்த பிடியிலேயே தூங்கிப்போனாள். என் தோள் மரத்துவிட்டது, நான் நகரவில்லை. காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாப்பா தானாத் தூங்கிடும்க்கா. நீங்க எனக்குத்தான் வந்திருக்கீங்க."

அம்மா வாசனை

திருமுல்லைவாயிலில் ஒரு நர்ஸ் வீடு. கணவர் துபாயில். அவளுக்கு ராத்திரி டூட்டி. அவள் கிளம்பியதும் பையன் அழ ஆரம்பிப்பான். பாட்டு, தொட்டில், தோள், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவள் கழற்றிப் போட்டிருந்த நைட்டியை எடுத்து என் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். முகத்தைப் புதைத்து ஒரு தடவை மோந்தான். அழுகை நின்றது. அவன் விரல்கள் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அவனைத் தொட்டிலில் போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை, மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தினமும் அப்படியே ஆனது. ஒருநாள் காலையில் அவள் டூட்டி முடிந்து வந்து கை நீட்டினாள். பையன் அவளைப் பார்த்துவிட்டு, திரும்பி என் மேலேயே சாய்ந்துகொண்டான். எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். நைட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த வாரமே அவள் பகல் டூட்டி கேட்டு மாற்றி வாங்கினாள். அவள் பக்கத்தில் படுத்ததும் பையன் ராத்திரி முழுக்கத் தூங்கினான். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. அவன் என்னையும் தேடணும் இல்லையா?"

வேலை இல்லாத ராத்திரி

அடுத்த வீடு கிடைக்கும்வரை நம் வீட்டிலேயே தூங்கலாமே என்பீர்கள். தூக்கம் வராது. அழுகைச் சத்தம் கேட்டதுபோல எழுந்து உட்காருவேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரரின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது, கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஆவடியில் ஒரு பட்டறையில் வெல்டர், அதிகம் பேசாதவர். திரும்பாமலே சொன்னார்:

"ஏன் நிறுத்திட்ட? தட்டு. நானும் யாரும் தட்டாம எவ்ளோ வருஷமாக் கீறேன்."

இத்தனை பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட என்னை ஞாபகம் இருக்கப்போவதில்லை. எனக்கோ எது எந்தத் தோளில் எச்சில் வடித்தது என்பதுகூட மறக்கமாட்டேன் என்கிறது.