மஞ்சள் சிவந்த ஓவிய வகுப்பு

எனக்கு வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் ஓவியப் பாடத்தை என் தலையில்தான் கட்டினார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. பாதி நாள் வகுப்பெடுத்துவிட்டு, மீதி நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் பஸ் பிடித்து ஓடுவேன். பயிற்சியில் இருப்பவர்கள் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்பது தலைமை ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும்.

"ஒங்களுக்குக் கோலம் போட வருமில்ல? அப்ப ட்ராயிங் நீங்களே எடுத்துக்குங்கம்மா," என்றார். நான் போடும் கோலத்தை அவர் பார்த்ததில்லை.

பயிற்சியில் தேற வேண்டுமென்றால் சூப்பர்வைசர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பாடத்தைப் பார்க்க வேண்டும். கணக்கிலும் தமிழிலும் தப்பித்துவிட்டேன். ஓவியத்துக்கு வந்தவர் நடுத்தர வயதுச் சீன அம்மையார். சிரிக்காத முகம், சுருக்கமில்லாத வெள்ளைக் கவுன். எனக்குத் தெரிந்த ஒரே படத்தைக் கரும்பலகையில் போட்டேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். நான் சிறுமியாக இருந்தபோது என் டீச்சர் போட்டுக் காட்டியதும் அதுதான். பிள்ளைகள் ஒரு கோடு பிசகாமல் பார்த்து வரைந்தார்கள். நாற்பது சொச்சம் தாளிலும் அதே இரண்டு மலை!

அம்மையார் எழுந்து நடந்தார். ஒரு பையனிடம் குனிந்து, இந்த மலை எங்கே இருக்கிறது என்று மலாயில் கேட்டார். அவன் பிறந்ததிலிருந்து பார்த்த மேடு மாடிப்படி ஒன்றுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைக் காட்டி, "டீச்சர் பூஞா," என்றான். டீச்சருடைய மலையாம்.

நான் தேறவில்லை. இன்னொரு முறை வருவார்கள், அதிலும் தவறினால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள், வகுப்பும் கையை விட்டுப் போய்விடும் என்று தலைமை ஆசிரியர் மெதுவாகச் சொன்னார். பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை விட்டுப் போக எனக்கு மனமில்லை. மலைமேல் கோபம், சீன அம்மையார்மேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேலேயே கோபம்.

சரி, இந்த முறை கரும்பலகையில் ஒரு கோடுகூடப் போடப் போவதில்லை என்று தீர்மானித்தேன். பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வரும் வழியில் என்ன பார்த்தார்களோ அதை வரையட்டும். அதுவும் வர்ணத்தில். அலமாரியைத் திறந்தால் வர்ண டப்பாக்கள் எல்லாம் காய்ந்து கல்லாகிக் கிடந்தன. புதிது கேட்டு வாங்க நேரமில்லை. நேரே மளிகைக் கடைக்குப் போனேன். மஞ்சள் தூள், குங்குமம், துணிக்குப் போடும் நீலம். கறுப்புக்கு அடுப்புக்கரி. வெள்ளைக்கு வெற்றிலைக் கடையிலிருந்து சுண்ணாம்பு. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கஞ்சித் தண்ணீரில் குழைத்துக் காலிப் பால் டின்களில் ஊற்றினேன்.

அடுப்பங்கரையில் நான் பரப்பி வைத்திருந்ததை அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாருக்குடி ஆரத்தி?"

"சும்மா இருங்கம்மா, நானே பயந்துபோய்க் கெடக்கேன்," என்று சிடுசிடுத்தேன். அம்மா சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் அம்மையார் அதே கடைசி பெஞ்சில், அதே முகத்தோடு உட்கார்ந்தார். பிள்ளைகள் தரையில் தாளை விரித்து ஆரம்பித்தார்கள். என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஒருத்தி பஃபலோ சாலை மாட்டுக் கொட்டகையை வரைந்தாள். ஒருவன் ஐஸ் கட்டி ஏற்றிய சைக்கிளை. இன்னொருத்தி மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து நீட்டிய மூங்கில் கழிகளில் காயும் துணிகளை. ஒரு மலைகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு உள்ளே திரும்புவதற்குள் ஒரு அலறல்.

"டீச்சர், மஞ்சள் கெட்டுப்போச்சு!"

மாட்டுக்கு வெள்ளை பூசிய பிரஷ்ஷை அப்படியே மஞ்சள் டின்னில் விட்டிருக்கிறாள். மஞ்சள் சிவந்துவிட்டது. அடுத்த வரிசையிலும் அதே கதை. வாழைப்பழம் சிவப்பு, சாமந்தி மாலை சிவப்பு, பஸ் விளக்கு சிவப்பு. "ஐ, ஆரத்தி!" என்று ஒருவன் கத்த, வகுப்பே கத்தியது. ஒரு குறும்புக்காரன் எழுந்து நின்று பால் டின்னை ஏந்தி என் முகத்துக்கு நேராகச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல நான் நின்றேன்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது தெரியாத தமிழச்சி உண்டா? பிறந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன். அன்றைக்கென்று மறந்துபோனேன்!

அம்மையார் எழுந்து வந்தார். பிள்ளைகள் டின்னைக் காட்டி, "மிஸ்ஸி, மேரா! மேரா!" என்று மலாயில் அவருக்குச் சிவப்பை அறிவித்தார்கள். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். வேண்டுமென்றே செய்து காட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. தவறு நடந்துவிட்டது, இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று சொன்னேன்.

"அது தெரிகிறது," என்றார் ஆங்கிலத்தில். "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

பிள்ளைகளிடமே திரும்பினேன்.

"யாராச்சும் சொல்லுங்க. மறுபடி மஞ்சளாக்க முடியுமா?"

வாயே திறக்காத ஒரு பெண், துணி வரைந்து கொண்டிருந்தவள், தலையைத் தூக்கினாள். "எங்கம்மா சேலையில ஆரத்தி பட்டுச்சுன்னா எலுமிச்சம்பழம் தேய்ப்பாங்க டீச்சர்."

அவளையே கேண்டீனுக்கு அனுப்பினேன். மடி நிறையச் சின்ன எலுமிச்சைகளோடு ஓடி வந்தாள். சிவந்த டின்னில் பிழிந்தோம். நுரைத்தது. கலக்கினோம். இன்னும் பிழிந்தோம். சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி, ஆரஞ்சு மெல்ல மஞ்சளாகியது. வகுப்பு போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் பிரம்போடு வந்து எட்டிப் பார்த்தார். அதன் பிறகு என்னை யாரும் சட்டை செய்யவில்லை. சிவப்பு வேண்டியவர்கள் சுண்ணாம்பைத் தேடினார்கள், மஞ்சள் வேண்டியவர்கள் எலுமிச்சைக்கு அடித்துக்கொண்டார்கள், நடுவில் நின்றவர்கள் ஆரஞ்சு கண்டார்கள். அம்மையார் வெள்ளைக் கவுனோடு தரையில் உட்கார்ந்து ஒரு பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மணி அடித்ததும் குழாயடியில் கை கழுவினார். மஞ்சள் போவேனா என்றது. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் துண்டை நீட்டிக்கொண்டு நின்றேன். தூக்குத் தண்டனையா விடுதலையா என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"பாஸ்," என்றார். "புது வர்ணத்துக்குச் சொல்லிவிடுங்கள்." அவ்வளவுதான். கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

குழாயடித் திண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது சந்தோஷம்கூட இல்லை. கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கை எடுபட்டதில் வந்த அழுகை. நன்றாக அழுது, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன். மஞ்சள் கைகளோடு எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

"கணக்குப் புஸ்தகத்த எடுங்க. நாளைக்கும் நான்தான் வருவேன்," என்றேன்.

எலுமிச்சை கொண்டுவந்த பெண் புத்தகத்தைத் தேடிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்:

"வேற யாரு வருவா, டீச்சர்?"