மீன் எண்ணெய் பூசிய கார்

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்திருந்தது. விசைப்படகு ஓட்டுகிற அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. இவ்வளவு தூரம் ஓடியது இன்னும் ஓடாதா என்பது அவர் கட்சி. அம்மாவின் அண்ணன், அரசு வேலையில் இருந்த மாமா, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஒரு வருசம் தாண்டுமா மாப்பிள்ள?" என்றார்.

"கடல்ல ஓடுற போட்டுக்கு வயச யாரு மச்சான் கேக்குறா? கவனிப்பத்தான் கேக்கணும்" என்றார் அப்பா.

கவனிப்பு என்றால் அப்படியொரு கவனிப்பு. கடலோரமாகப் போய் வந்தால் உப்பு தங்காமல் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவார். ஓடும்போது புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் அன்றைக்கே பானெட்டைத் திறந்துவிடுவார். "காத வச்சுக் கேளு, அதுவே சொல்லும்" என்று என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறும்போது காரும் கரையேறும். சக்கரங்களைக் கழற்றி, மரக்கட்டைமேல் நிறுத்தி, கடைசியில் படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைத் துருப்பிடிக்காமல் இருக்க அதன் அடிப்பக்கத்திலும் பூசுவார். தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலிலேயே குடியிருக்கும்.

ஆண்கள் வீட்டில் இருப்பதால் தடைக்காலம்தான் எங்களுக்குக் கல்யாணக் காலமும். அந்த வருடம் வைகாசியில் சித்திக்கு மண்டபத்தூரில் கல்யாணம். அம்மாவுக்கு ஒரே தங்கை. நாள் நெருங்கியும் கார் கட்டைமேலேயே நின்றது.

"எங்க அண்ணன் முன்னாடி பஸ்ல போயி எறங்குனா என் மானம் என்னாவுறது? சக்கரத்த மாட்டுங்க" என்றாள் அம்மா.

அப்பா மாட்டினார், எண்ணெய் பூசி முடித்த பிறகுதான். மறுநாள் நாங்கள் போய் இறங்கியதும் பந்தலில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்தில் மாமாவின் புத்தம்புதுக் கார் பூ அலங்காரத்தோடு நின்றது. பெண் மாப்பிள்ளையை ஏற்றுவதற்கென்றே மாதக்கணக்கில் ஓட்டாமல் அங்கேயே உறைபோட்டு வைத்திருந்த கார்.

தாலி கட்டி முடிந்து, இருவரும் பட்டினச்சேரிக்குப் புறப்பட அதில் ஏறி உட்கார்ந்தார்கள். மாமா சாவியைத் திருகினார். டிக் என்றது, அவ்வளவுதான். தள்ளிப் பார்த்தார்கள், சக்கரம் மணலில் நகரவில்லை. புறப்படுவதற்கான நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓட்டாமயே வச்சிருந்தா பேட்டரி செத்துரும் மச்சான். நம்ம வண்டியில ஏறச் சொல்லுங்க" என்றார் அப்பா. எங்கள் கார் ஒரே திருகலில் கிளம்பியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முன்னால் அப்பாவும் நானும், பின்னால் மாப்பிள்ளை, சித்தி, அம்மா. பெரிய சாலைக்கு வந்தும் அப்பா ஊர்ந்துகொண்டே போனார். சித்தி அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை போலும் என்று நான் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டேன். ஆட்டோக்கள் எங்களை முந்தின. மீன் கூடை கட்டிய மொபெட்கூட முந்தியது. அரசலாற்றுப் பாலத்தில் வண்டி இன்னும் மெதுவானது. உறவுக்காரர்களின் வேன் வேறு பின்னாலேயே வந்தது. மாமாவிடம் போய்ச் சொல்லிவிடுவார்களே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"வேகமாப் போப்பா, எல்லாரும் முந்துறாங்க."

அப்பா கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். "இதுக்கு மேல போவாதுடா. பழைய வண்டிதானே" என்றார்.

பழசு என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிறவர், அவரே இப்படிச் சொன்னதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பு அதே பாலத்தில் பஸ்ஸையே முந்திய கார் அது. ஏதோ பெரிய கோளாறுதான் என்று பயந்து, பட்டினச்சேரி வரைக்கும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். பின்னால் அம்மாவும் சித்தியும் கையைக் கோத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினில் ஒரு சத்தமும் இல்லை.